கிரீஸ் கண்ட கதி நம் கரைக்கு வேண்டாம்!

எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளி. அங்குள்ள எல் அண்டு டி கம்பெனியின் கப்பல் தளத்துக்கு 2022 ஆகஸ்ட் 7ம் தேதி ஒரு கப்பல் பழுது பார்க்க வந்து சேர்ந்தது. 'சார்லஸ் ட்ரூ' என்று அதற்குப் பெயர். அமெரிக்கக் கடற்படைக்கு எண்ணெயும் தளவாடமும் சுமக்கும் கப்பல் அது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் இந்தியாவில் பழுது பார்க்கப்பட்டது அதுவே முதல் தடவை. மறு வருஷமே, 2023ல், ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதையடுத்து பம்பாய் மசகான் தளம். 2024ல் கொச்சித் தளம்.

"கப்பல் ரிப்பேருக்கு வந்ததில் என்ன குடி முழுகிவிட்டது? நாலு பேருக்கு வேலை கிடைக்கிறது. வல்லரசு ஒன்று நமக்குத் துணையாகிறது. இது பொறுக்கவில்லையா உங்களுக்கு?" என்று கேட்கிறார்கள் சில பிரமுகர்கள்.

வேலை வேண்டாமென்று எந்தத் தொழிலாளியும் சொல்ல மாட்டான். வியாபாரக் கப்பல் வரட்டும்; மீன்பிடிக் கப்பல் வரட்டும்; ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்கட்டும். நாம் கேட்கும் கேள்வி வேறு. யுத்தக் கப்பலுக்குத் தீனி போட்டு, பழுது பார்த்து, மீண்டும் யுத்தத்துக்கு அனுப்பும் கரை, எதிரியின் கண்ணில் என்னவாகத் தெரியும்? மரக்காணத்து உப்பளத்தில் காலையிலிருந்து உப்பு வாரும் கூலியாளும் யோசிக்க வேண்டிய விஷயம் இது. ஏனென்றால் அந்தக் கரையும் இந்தக் கரையும் ஒரே கரை. ஒரு காலத்தில் நம் உப்பைப் படகில் ஏற்றிச் சென்ற பக்கிங்காம் கால்வாய்தான், சென்னையைக் கடந்து, காட்டுப்பள்ளி ஓரமாகவும் ஓடுகிறது.

எம்டன் கற்பித்த பாடம்

1914 செப்டம்பர் 22ம் தேதி இரவு. ஜெர்மானிய யுத்தக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. சென்னைவாசிக்கும் ஜெர்மானியனுக்கும் என்ன சண்டை? வாய்க்கால் தகராறா, வரப்புத் தகராறா? ஒன்றுமில்லை. வெள்ளைக்காரனின் எண்ணெய் இங்கே இருந்தது. அது ஒன்றுதான் காரணம்.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திரிகோணமலையையும் தாக்கின. அங்கே பிரிட்டிஷ் கடற்படை நின்றது. அதுதான் காரணம். இரவல் பட்டாளம் நிற்கும் ஊருக்கு இரவல் பகையும் வந்து சேரும். குண்டு விழும்போது ஒப்பந்தம் போட்ட சீமானின் மாளிகையைத் தேடிப் போய் விழாது. கரையில் குடிசை போட்டிருப்பவன் தலையில்தான் விழும்.

கிரேக்க மக்கள் கொடுத்த விலை

'வல்லரசின் துணை இருந்தால் பயமில்லை' என்ற பேச்சைக் கேட்டு நடந்த நாடு ஒன்று உண்டு. அது கிரீஸ். அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

ஹிட்லரின் படை 1941ல் அந்த நாட்டை விழுங்கியது. விவசாயிகளும் தொழிலாளர்களும் மலையேறித் துப்பாக்கி பிடித்தார்கள். 1944ல் நாஜிகள் வெளியேறினார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஆதென்ஸ் தெருக்களில் பிரிட்டிஷ் துருப்புகள் அதே வீரர்களைச் சுட்டன. அந்தப் பாவத்துக்கு நம் நாட்டுச் சிப்பாய்களையும் கூட்டிப் போனார்கள். 4வது இந்திய டிவிஷன் அங்கே இறக்கப்பட்டது. அடிமை நாட்டு ஏழையின் கையில் துப்பாக்கி கொடுத்து, விடுதலைக்குப் போராடிய இன்னொரு நாட்டு ஏழையைச் சுடச் சொன்னார்கள்! சாம்ராஜ்யக் கூட்டு என்றால் இதுதான் அர்த்தம்.

பிரிட்டனுக்குக் கை ஓய்ந்தது. 1947 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் முன்வந்தார். கிரீஸுக்கும் துருக்கிக்கும் சேர்த்து 40 கோடி டாலர். 1952ல் இரண்டு நாடுகளும் நாட்டோ ராணுவக் கூட்டில் சேர்ந்தன. ஒரே கூட்டு, ஒரே எஜமான். இனி அண்டை நாடுகளுக்குள் சண்டை ஏது என்று நினைக்கத் தோன்றுகிறதல்லவா?

நடந்தது என்ன? 1967 ஏப்ரல் 21ம் தேதி கர்னல்கள் கூட்டம் ஆட்சியைப் பிடித்தது. ஆயிரக்கணக்கானோரைத் தீவுச் சிறைகளில் அடைத்தது. ஜனநாயகத்தைக் காக்கப் பிறந்ததாகச் சொல்லிக்கொண்ட நாட்டோ அந்தக் கூட்டத்தை வெளியேற்றவில்லை. 1973 நவம்பரில் மாணவர்கள் கூடிய பாலிடெக்னிக் கல்லூரியின் வாயிற்கதவை டாங்கி ஏற்றி நொறுக்கினார்கள். 1974 ஜூலை 15ல் அந்தக் கர்னல்கள் சைப்ரஸ் தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு நடத்தினார்கள். ஐந்தாம் நாள் துருக்கிப் படை அங்கே இறங்கியது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடு வாசல் இழந்தார்கள். கிரேக்க ஏழையும் ஓடினான். துருக்கி ஏழையும் ஓடினான். அந்தத் தீவு இன்றளவும் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. இரு பக்கமும் நின்று சுட்டவர்கள் யார்? நாட்டோவின் இரண்டு உறுப்பினர்கள்!

ஆயுதம் விற்றவனுக்கு மட்டும் நஷ்டமே இல்லை. கிரீஸிடம் அமெரிக்க எப்-16 விமானம். துருக்கியிடமும் அதே எப்-16. கிரீஸுக்கு ஜெர்மன் நீர்மூழ்கி. துருக்கிக்கும் ஜெர்மன் நீர்மூழ்கி. இரண்டு சேவலுக்கும் ஒருவனே கத்தி கட்டுகிறான். எது செத்தாலும் அவனுக்கு லாபம்.

இதற்கு யார் தலையில் பில் போட்டார்கள்? 2010ல் கிரீஸ் கடனில் மூழ்கியது. கடன்காரர்கள் பென்ஷனை வெட்டினார்கள். 2012ல் குறைந்தபட்சக் கூலியில் 22 சதவிகிதத்தை ஒரே வெட்டாக வெட்டினார்கள். ஆயுதச் செலவு மட்டும் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கவில்லை. 2021ல் பிரெஞ்சு ரஃபேல் விமானங்களுக்குப் பணம் இருந்தது. ரயில் பாதைக்கு ஒழுங்கான சிக்னல் போட மட்டும் பணம் இல்லை. 2023 பிப்ரவரி 28ம் தேதி தெம்பி என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதி 57 உயிர்கள் போயின. நாமும் அதே ரஃபேலை வாங்கினோம். நாமும் அதே ஆண்டு ஜூன் 2ல் பாலசோரில், சென்னைக்கு வந்த கோரமண்டல் ரயிலில் வந்தவர்களைப் பறிகொடுத்தோம். பாதுகாப்பு, பாதுகாப்பு என்கிறார்களே, யாருடைய பாதுகாப்பு?

ஆடு மேயும் பாறையும் கச்சத்தீவும்

1996 ஜனவரி. கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவே கடலில் இரண்டு பாறைத் திட்டுகள். இமியா என்று பெயர். மனிதக் குடியிருப்பு கிடையாது, ஆடுகள் மேயும். அந்தத் திட்டில் யார் கொடி பறப்பது என்ற வீம்பில் இரண்டு கடற்படைகளும் யுத்தத்தின் விளிம்புக்குப் போயின. ஹெலிகாப்டர் விழுந்து மூன்று கிரேக்க அதிகாரிகள் மாண்டார்கள். முடிவில் வாஷிங்டனிலிருந்து டெலிபோன் வந்த பிறகே இரு பக்கமும் விலகின. கொடி ஏற்றியவனுக்கு ஓட்டு. மத்தியஸ்தம் செய்தவனுக்கு அதிகாரம். மீனவனுக்கு என்ன மிச்சம்?

நம் பக்கம் திரும்புவோம். கச்சத்தீவு 285 ஏக்கர். குடிதண்ணீர் இல்லாத திட்டு. அந்தோணியார் கோயில் உண்டு. 1974லும் 1976லும் டில்லியும் கொழும்பும் ஒப்பந்தம் போட்டன. கடலில் தொழில் செய்யும் ஜனங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அநியாயம், அந்த அநியாயத்தை இன்றும் கண்டிக்கிறோம். நம் மீனவர்களைச் சுடுவதையும், சிறையிலடைப்பதையும், படகைப் பறிப்பதையும் கண்டிக்கிறோம். ஆனால் தேர்தல் வந்தால் கச்சத்தீவு, தேர்தல் போனால் மௌனம் என்ற நாடகத்தையும் சேர்த்தே கண்டிக்கிறோம். 2024 தேர்தல் மேடையில் பிரதமர் கச்சத்தீவைப் பற்றி முழங்கினார். 2025 ஏப்ரல் 5ல் கொழும்பில் அவரது சர்க்கார் இலங்கையோடு ராணுவ ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டது. மீனவனின் வலைக்கு வழி பிறந்ததா? இல்லை.

உண்மையை மறைக்க வேண்டியதில்லை. அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வலை போடுகிறவன் யார்? யுத்தத்தில் எல்லாம் இழந்த தமிழ் ஏழை. விசைப்படகின் இழுவை மடி கடலடியைச் சுரண்டினால் அவன் அடுப்பு அணைகிறது. விசைப்படகின் லாபம் முதலாளிக்கு. அதில் கூலிக்குப் போனவனுக்கு இலங்கைச் சிறை. 2014ல் சென்னையிலும் கொழும்பிலும் இரு நாட்டு மீனவர்களே எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். அதுதான் சரியான பாதை. அந்தப் பேச்சைத் தொடர விடாமல் பகையைக் காய்ச்சுகிறவன் இரண்டு கரைக்கும் துரோகி.

பட்டாளம் அனுப்பித் தீர்ப்போம் என்பவர்கள் 1987ஐ நினைத்துப் பார்க்கட்டும். அமைதி காக்கப் போன இந்தியப் படை 1990ல் திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜவான்களை இழந்திருந்தது. மாண்ட தமிழ் மக்களின் கண்ணீருக்குக் கணக்கே இல்லை.

'சீனா வருகிறதே!'

"அம்பாந்தோட்டையைச் சீனாக்காரன் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்துவிட்டான். 2022 ஆகஸ்டில் உளவுக் கப்பல் வந்து நின்றது. சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?" இதுதான் அவர்கள் கையிலுள்ள கடைசிச் சீட்டு.

சும்மா இருக்கச் சொல்லவில்லை. கடனுக்குத் துறைமுகத்தை எழுதிக் கொடுப்பது இலங்கைக்கும் கேடு. அண்டையிலுள்ள நமக்கும் கவலை. ஆனால் ஒரு அந்நியனைத் தடுக்க இன்னொரு அந்நியனைத் திண்ணையில் உட்கார வைப்பதா? அதையும் கிரீஸ் செய்து பார்த்தது. கிரீட் தீவின் சூடா விரிகுடாவில் அமெரிக்கத் தளம். பிரேயஸ் துறைமுகம் 2016ல் சீனாவின் காஸ்கோ கம்பெனியின் கைக்குப் போனது. அந்தத் துறைமுகத்தில் 2021 அக்டோபரில் ஒரு தொழிலாளி வேலையில் மாண்டபோது, தோழர்கள் வேலைநிறுத்தம் செய்துதான் நியாயம் கேட்க வேண்டியிருந்தது. தளம் ஒருவனுக்கு, துறைமுகம் இன்னொருவனுக்கு. கிரேக்கத் தொழிலாளிக்கு எஞ்சியது சாவுதானா?

நம்மைக் காக்க வரும் அந்தத் துணைவன் யார் என்றும் பார்த்துவிடுவோம். 1971 டிசம்பரில் வங்கதேச மக்கள் விடுதலைக்குப் போராடியபோது, எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பி நம்மை மிரட்டியவன். இன்று அவனது கப்பல்களுக்கு அதே கடலோரத்தில் பட்டறை! 2016 ஆகஸ்டில் தளவாட ஒப்பந்தம். 2018ல் தகவல் தொடர்பு ஒப்பந்தம். 2020ல் வரைபட ஒப்பந்தம். 2024ல் 31 ட்ரோன்கள் வாங்க ஒப்பந்தம். அரக்கோணம் கடற்படை விமான தளத்திலிருந்து பறப்பவையும் அமெரிக்க பி-8 விமானங்கள்.

இவ்வளவுக்கும் பரிசு என்ன? 2025 ஆகஸ்டில் நம் சரக்குகள் மீது 50 சதவிகித வரி! ருஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்கு அபராதமாம். திருப்பூர் பனியன் தொழிலாளியின் அடிவயிற்றில் விழுந்தது அந்த அடி. கன்னத்தில் அறைந்த கையின் சூடு ஆறுவதற்குள், 2025 அக்டோபர் 31ல் கோலாலம்பூரில் அதே கையைப் பிடித்துப் பத்தாண்டு ராணுவ உடன்பாட்டில் கையெழுத்திட்டது நம் சர்க்கார். இதற்குப் பெயர் நட்பா? பண்ணையாரிடம் சவுக்கடி வாங்கிக்கொண்டு அவர் குதிரைக்குப் புல் அறுத்த பழைய காலத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

யார் நம் நண்பன்?

2023 ஆகஸ்டில் பிரதமர் ஆதென்ஸ் போனார். துருக்கி பாகிஸ்தானுக்கு நண்பன். ஆகவே துருக்கியோடு தகராறுள்ள கிரீஸ் நமக்கு நண்பன் என்று நம் ஊர்ப் பண்டிதர்கள் கணக்குப் போட்டார்கள். கிரேக்க மக்களோடு நட்பு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அந்த நட்பு யுத்தத் தரகர்களின் விருந்தில் பிறக்காது.

2024 அக்டோபரில் பிரேயஸ் துறைமுகத் தொழிலாளர்கள் ஒரு கன்டெய்னரை மறித்தார்கள். உள்ளே இஸ்ரேலுக்குப் போகவிருந்த வெடிமருந்து. "எங்கள் கையால் ஏற்ற மாட்டோம்" என்று நின்றார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் இந்தியத் துறைமுகத் தொழிலாளர் சம்மேளனமும் இதே முடிவை அறிவித்திருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, பாஷை தெரியாது, ஆனால் ஒரே குரல். கிரீஸுக்கும் இந்தியாவுக்கும் உள்ள உண்மையான உறவு இதுதான்.

தோழர்களே! வெளிநாட்டு விவகாரம் படித்தவர் சமாச்சாரம் என்று விட்டுவிடாதீர்கள். மரக்காணத்துக்கு உண்மையில் வந்த ஆபத்துகள் எவை? 2004ல் சுனாமி, 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயல். பாத்திகள் வெள்ளத்தில் மூழ்கின. மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளிக்குக் கூலி இல்லை. 2021ல் மாநில சர்க்கார் அறிவித்த 5,000 ரூபாய் நிவாரணம் மூன்று மாதப் பசிக்கு எந்த மூலைக்கு? கடலோரத்துக்குப் பாதுகாப்பு என்றால் புயலைத் தாங்கும் வீடு, மழைக்காலக் கூலி, கண்ணுக்கும் காலுக்கும் வைத்தியம். இதைச் செய்யாத கை, ட்ரோன் வாங்கி யாரைக் காக்கப் போகிறது?

ஆகவே நாம் கேட்கிறோம்: அமெரிக்காவோடு செய்த ராணுவ ஒப்பந்தங்களின் ஒவ்வொரு ஷரத்தையும் ஜனங்கள் முன் வை! நம் கரையில் அந்நிய யுத்தக் கப்பலுக்கு இடம் கொடாதே! பாக் கடலில் இரு கரை மீனவர் பேச்சை மீண்டும் தொடங்கு! ஆயுதத்துக்குக் கொட்டும் பணத்தைக் கரையோர மக்களின் வாழ்வுக்குத் திருப்பு!

மில் வாசலிலும், உப்பள வரப்பிலும், களத்துமேட்டிலும் இதைப் பேசுங்கள். இந்தக் கடல் வாஷிங்டனுக்கும் சொந்தமில்லை, பீகிங்குக்கும் சொந்தமில்லை. இரு கரையிலும் அதை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குச் சொந்தம்.