சிறு புரதமும் பேருறையும்

திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை பரந்து கிடக்கும் நிலப்பகுதி இன்று தொழிற்சாலைகளால் பெயர் பெற்று விளங்குகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டிலும், ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டிலும் பெரிய கார்த் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. ஆயிரக்கணக்கான உறுப்புகள் அங்கே வரிசையாக வந்து சேர்கின்றன. வரைபடமும் பொறியும் மேற்பார்வையாளரும் வழிகாட்ட, கார் உருப்பெறுகிறது. வழிகாட்டுவார் ஒருவருமின்றி உறுப்புகள் தாமே கூடி முழுப்பொருள் ஆகுமோ எனின், ஆகும். இயற்கை அதனை இடைவிடாது செய்து வருகிறது.

குளோரெல்லா என்னும் பச்சைப் பாசியைப் பற்றும் பேருருவ வைரசு இதற்குச் சான்றாகும். போலியோ வைரசின் குறுக்களவு ஏறத்தாழ 30 நானோமீட்டர். இதன் உறையோ ஏறத்தாழ 190 நானோமீட்டர். மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒன்றே நானோமீட்டர் ஆகும்.

இவ்வுறைக்குச் செங்கல்லாக அமைவது ஒருவகைப் புரதம். அதன் மூலக்கூறுகள் மும்மூன்றாகக் கூடி அறுகோண வடிவம் பெறுகின்றன. 66 அறுகோணங்கள் சேர்ந்தது ஒரு முக்கோணப் பகுதி. 30 அறுகோணங்கள் சேர்ந்தது ஓர் ஐங்கோணப் பகுதி. முன்னது 20, பின்னது 12. ஆக, 1,680 அறுகோணங்களும் 5,040 மூலக்கூறுகளும் ஒரே உறையில் அடங்குகின்றன.

அறுகோணங்களை மட்டும் அடுக்கினால் தேனடை போன்ற தட்டையான பரப்பே கிடைக்கும்; மூடிய கூடு கிடையாது. ஆதலின் உறையின் 12 முனைகளிலும் வேறொரு புரதம் ஐந்தைந்தாகக் கூடி அமர்கிறது. கால்பந்தின் தோலிலும் ஐங்கோணத் துண்டுகள் 12 இருத்தல் காண்க. வைரசு உறைகளுக்குரிய இக்கணக்கைக் காஸ்பர், குளுக் என்னும் அறிஞர் இருவர் 1962ஆம் ஆண்டில் வகுத்தனர்.

அறுகோணப் பரப்பு எவ்வளவு தொலைவு வளர வேண்டும் என்பதை எது வரையறுக்கிறது? 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, உறையின் உட்புறத்தில் 13 வகைச் சிறு புரதங்களைக் கண்டது. அவற்றுள் ஒன்று முக்கோணப் பகுதியின் ஓரமாக நீண்டு கிடக்கிறது. அதுவே அளவுநாடாவாக நின்று உறையின் பருமனை உறுதி செய்கிறது என்பது ஆய்வாளர் கருத்து. ஏவுவார் இல்லை, எனினும் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கு உறுப்புகளின் வடிவிலேயே பொதிந்துள்ளது.

இவ்வறிவால் பயன் யாது என்று வினவுவார் உளர். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் மருந்தே தக்க விடையாகும். வைரசின் உறைப்புரதத்தை மட்டும் தனியே உண்டாக்கினால், அது தானே கூடி வெற்றுறையாகிறது. நோய் தரும் மரபுப்பொருள் அதனுள் இல்லை. ஆயினும் உடல் அதனைக் கண்டு எதிர்ப்பாற்றல் பெறுகிறது. உறை அமையும் முறையைக் கற்றதன் பயன் உயிர்காப்பாக விளைந்தது.

புரத வடிவை ஆராயும் கலை தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் 1954ஆம் ஆண்டில் கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு அமைப்பை விளக்கினார். 1963ஆம் ஆண்டில் அவரும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட வரைபடத்தைக் கொண்டே இன்றும் உலகெங்கும் புரத வடிவங்கள் சரிபார்க்கப்படுகின்றன.

உறுப்புகளைப் பிழையின்றிப் பூட்டுதல் சிறந்த தொழிலே. ஆயினும், அவ்வுறுப்பு அவ்வடிவில் அமைந்தது ஏன் என்று ஆராயும் அறிவும் அதனுடன் வளர்தல் வேண்டும். ஒரகடத்துத் தொழிற்சாலைகளை அன்றாடம் காணும் மாணவர், இராமச்சந்திரன் காட்டிய வழியையும் அறிந்து கற்பாராயின், தொழிலும் அறிவியலும் ஒருங்கே தழைக்கும்.