கற்பவரும் உழைப்பவரே

நள்ளிரவு கடந்துவிட்டது. தென்னிந்தியப் பெருநகரம் ஒன்றின் தனியார் மருத்துவமனையில், இதய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தீவிர சிகிச்சைப் பிரிவில் மாணவி ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். மேற்கு வங்கத்திலிருந்து மருத்துவர் உதவியாளர் பட்டப்படிப்புக்கு வந்தவர். இறுதியாண்டுப் பயிற்சியில் இருப்பவர். நெஞ்சுக்குழாய் வழியே வெளியேறும் இரத்தத்தின் அளவை மணிக்கொரு முறை குறிக்கிறார். பரிசோதனை முடிவுகளைப் பணி மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கிறார். காலையில் வீடு திரும்பவிருப்போருக்கான டிஸ்சார்ஜ் சம்மரிகளை எழுதுகிறார். கொல்கத்தாவிலிருந்து சிகிச்சைக்கு வந்த முதியவர் கண்விழித்து வங்காளத்தில் ஏதோ கேட்க, செவிலியர் இவரையே அழைக்கிறார்; மொழிபெயர்ப்பும் இவர் வேலையாகிறது. முதியவர் இவரை ‘டாக்டர்’ என்று விளிக்கிறார். நிர்வாகத்தின் ஏடுகளிலோ இவர் கட்டணம் செலுத்தும் மாணவர். ஊதியப் பட்டியலில் இவர் பெயர் இல்லை.

இது எந்தவொரு மருத்துவமனைக்கும் மட்டுமே உரிய காட்சியன்று. செவிலியம், ஆய்வகம், டயாலிசிஸ், மயக்கவியல் எனப் பல துறைகளில் பயிலும் மாணவர்களும் இதில் தங்களை அடையாளம் காண்பர்.

மருத்துவர் உதவியாளர் எனும் தொழில் அமெரிக்காவில் பிறந்தது. மருத்துவர் பற்றாக்குறையை எதிர்கொள்ள 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் இப்படிப்பைத் தொடங்கினார். முதல் மாணவர்கள் நால்வரும் கடற்படையில் மருத்துவப் பணியாற்றியவர்கள். இந்தியாவில் 1992இல், இதய அறுவை சிகிச்சை நிபுணர் கே.எம்.செரியனின் முன்முயற்சியால் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இது வேர்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெற்றிடத்தை நிரப்புவதற்காக அன்றி, இதய அறுவை அரங்கின் தேவைக்காகவே இங்கு இத்தொழில் உருவாயிற்று. பெருநகரத் தனியார் மருத்துவமனைகளே இன்றும் இப்பட்டதாரிகளின் முதன்மை வேலைக்களம்.

மருத்துவமனைப் பயிற்சியின் கல்வி மதிப்பை எவரும் மறுக்க இயலாது. மூன்றாண்டுப் பாடமும் ஓராண்டுப் பயிற்சியும் என்பதே இந்தியாவில் பரவலாக வழங்கிவந்த அமைப்பு. பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, அவசர சிகிச்சை எனத் துறை துறையாக மாணவர் சுழன்று வருகிறார். பாடநூலில் ஒற்றை வரியாக இருந்த மூச்சுத்திணறல் இங்கே ஒரு மனிதரின் அச்சம் நிறைந்த கண்களாக எதிரே நிற்கிறது. எதைக் கேட்க வேண்டும், எப்போது மூத்தவரை அழைக்க வேண்டும் என்பதையெல்லாம் நோயாளியின் படுக்கையருகேதான் கற்க முடியும். இக்கல்வியில் பெரும்பகுதியை எந்தப் பேராசிரியர் பதவியும் இல்லாத அனுபவமிக்க செவிலியர்களே வழங்குகின்றனர் என்பதும் பதிவுசெய்யத் தக்கது.

ஆயினும், கல்வி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது? இதற்கு எளிய உரைகல் ஒன்று உண்டு. நாளை முதல் பயிற்சி மாணவர் எவரும் வரவில்லையெனில் அந்தப் பிரிவு இன்றுபோல் இயங்குமா? இயங்காது எனில், ஊதியம் பெறும் பணியாளர் செய்ய வேண்டிய வேலையை மாணவர் செய்கிறார் என்றே பொருள். அவருடைய குடும்பம் கடன்பட்டுக் கட்டணம் செலுத்துகிறது. அவரது உழைப்பின் பயனோ நோயாளிக்கு அளிக்கப்படும் ரசீதில் மருத்துவமனையின் வருவாயாகச் சேர்கிறது. ஒரே மாணவரிடமிருந்து இருமுறை ஈட்டும் வழியை மூலதனம் கண்டுகொண்டிருக்கிறது.

மருத்துவ மாணவர்களின் நிலை ஓரளவு மாறுபட்டது. எம்.பி.பி.எஸ். முடித்த பயிற்சி மருத்துவர்களுக்கு உதவித்தொகை வழங்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. உறைவிட மருத்துவர்களின் பணி நேரம் சாதாரணமாகத் தொடர்ந்து 12 மணி நேரத்தையும் வாரம் 48 மணி நேரத்தையும் தாண்டலாகாது என 1992இலேயே ஒன்றிய அரசு அறிவுறுத்தியது. இவை பரவலாக மீறப்படுவதை நாடறியும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவர், நீண்ட பணிக்கு நடுவே இளைப்பாறக் கருத்தரங்க அறையையே நாட வேண்டியிருந்தது. ஆயினும், மீறப்படும் விதியைச் சுட்டிப் போராட முடியும். மருத்துவர் உதவியாளர் மாணவருக்கோ சுட்டிக்காட்ட அத்தகைய நாடு தழுவிய விதியொன்று நடைமுறையில் இருந்ததில்லை.

இந்தக் குறையைப் போக்கவென 2021இல் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. மருத்துவர் உதவியாளர்களும் ‘ஃபிசிஷியன் அசோசியேட்’ என்ற பெயரில் அதன் அட்டவணையில் இடம்பெற்றனர். மாநிலந்தோறும் பேரவைகள் ஆறு மாதங்களில் அமைய வேண்டும் என்றது சட்டம். மூன்றாண்டுகள் கழிந்தும் பணி நிறைவேறாத நிலையில், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கெடு விதிக்க நேர்ந்தது. தேசியக் கல்விக் கொள்கையை விரைந்து திணிக்கத் தெரிந்த ஒன்றிய அரசுக்கு இதில் அவசரம் தோன்றாதது தற்செயலானதல்ல. ஒழுங்குமுறை இல்லாத வெளியே மலிவான உழைப்பின் விளைநிலம்.

சில மருத்துவர் அமைப்புகள் இத்தொழிலையே போலி மருத்துவத்திற்கான வாசல் எனக் கருதுகின்றன. அந்த அச்சத்தில் உண்மையின் ஒரு கூறு உண்டு. பிரிட்டனில் 2025 ஜூலையில் வெளியான லெங் ஆய்வறிக்கை, ‘அசோசியேட்’ என்ற பெயரைக் கைவிட்டு ‘அசிஸ்டென்ட்’ என்பதற்கே திரும்பப் பரிந்துரைத்தது. நோய் இன்னதென இன்னும் அறியப்படாத நோயாளிகளை அவர்களிடம் அனுப்பலாகாது என்றும் கூறியது. ஆனால் எல்லை மீறலுக்கான குற்றத்தை மாணவர் தலையில் சுமத்துவது அநீதி. நள்ளிரவில் அவரைத் தனியே நிறுத்துவது நிர்வாகம். அவர் எழுதிய குறிப்பில் மறுநாள் காலை கையெழுத்து வேறொருவருடையதாக இருக்கலாம். தவறு நேர்ந்தால் விரல்கள் நீள்வது அவரை நோக்கியே. எல்லையற்ற வேலை மாணவரைச் சுரண்டுகிறது. அதே வேலை நோயாளியையும் ஆபத்தில் தள்ளுகிறது. இருவரின் நலனும் இங்கு ஒன்றே.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. பயிற்சி ஆண்டில் கட்டணம் வசூலிக்கப்படலாகாது. கட்டாய உதவித்தொகை சட்டமாக வேண்டும். பணி நேர வரம்பு, ஓய்வறை, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான உள்புகார்க் குழுவை அணுகும் உரிமை ஆகியவை மாணவருக்கும் உறுதிசெய்யப்பட வேண்டும். எதை அவர் செய்யலாம், எதை மேற்பார்வையில் மட்டுமே செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இப்பயிற்சி இடங்களும் நிரந்தரப் பணியிடங்களும் உருவாக்கப்பட வேண்டும். அவை மருத்துவர் பணியிடங்களைக் குறைப்பதற்கான சாக்காக மாறுவதையும் அனுமதிக்கலாகாது.

மருத்துவமனை ஊழியர் சங்கங்கள் இம்மாணவர்களை ‘வந்துபோகிறவர்கள்’ என்று கருதும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். மாணவர் அமைப்புகளும் வளாக வாயிலோடு நின்றுவிடாமல் வார்டுகளுக்குள் செல்ல வேண்டும். வாயிற்கூட்ட மேடையில் செவிலியரோடும் துப்புரவுத் தொழிலாளியோடும் பயிற்சி மாணவருக்கும் ஓர் இடம் ஒதுக்குவது, இன்றே தொடங்கக்கூடிய பணி.