மார்கழிக்கு முன் கார் ஷெட் கதவு

கார்த்திகை தீபம் முடிந்ததும் பெங்களூரில் பீரோவிலிருந்து ஸ்வெட்டர்கள் வெளியே வருகின்றன. தாத்தாக்கள் மங்கி குல்லாயைத் தேடுகிறார்கள். ஏறக்குறைய அதே வாரத்தில்தான் வீட்டு கார் ஷெட்டின் ரோலிங் ஷட்டரும் முரண்டு பிடிக்கத் தொடங்குகிறது. பாதி உயரம் ஏறி நின்றுகொள்ளும். இறங்கும்போது ஒரு பக்கமாகச் சாயும். காலை ஆறு மணிக்குத் தூக்கினால் தெருவே எழுந்துவிடும் அளவுக்குக் கத்தும். "குளிருக்கு இரும்பு சுருங்கிப் போச்சு சார்" என்று பக்கத்து வீட்டுக்காரர் காரணமும் சொல்லிவிடுவார்.

குளிர் மீது சுமத்தப்படும் இந்தப் பழி கணக்குப் போட்டால் நிற்காது. டிசம்பர், ஜனவரியில் பெங்களூரின் பகல் வெப்பம் 27 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். இரவில் 15, 16 வரை இறங்கும். இந்த 12 டிகிரி வித்தியாசத்துக்கு 3 மீட்டர் அகல எஃகு ஷட்டர் சுருங்குவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அலுமினியமாக இருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். பக்கவாட்டு கைடுகளில் விடப்படும் இடைவெளி இதைவிடப் பெரியது. இந்த ஊர் கண்ட மிகக் கடுமையான குளிரே 7.8 டிகிரிதான். பதிவானது 1884 ஜனவரி 13-ல். அன்றைக்குக்கூட கதவு உறைந்துபோக வாய்ப்பில்லை.

உண்மையான குற்றவாளி அதற்கு முந்தைய மாதங்களில் இருக்கிறது. சென்னைக்கு ஒரு பருவமழை என்றால் பெங்களூருக்கு இரண்டிலும் பங்கு உண்டு. செப்டம்பரும் அக்டோபரும் இங்கே நன்றாக நனையும் மாதங்கள். தெரு மண், மழைநீர், உதிர்ந்த இலை எல்லாம் கைடின் அடியில் போய்த் தங்குகின்றன. போன வருடம் தடவிய கிரீஸ் அந்தப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு கெட்டியாகிறது. குளிர் செய்வதெல்லாம் அந்தக் கிரீஸை இன்னும் கொஞ்சம் இறுக்குவதுதான். போதாக்குறைக்குப் பனி. மேகமில்லாத இரவில் தகடு, சுற்றியுள்ள காற்றைவிட வேகமாகச் சூடிழக்கும். காற்றிலுள்ள ஈரம் அதன் மீது நீராகப் படியும். விடிந்ததும் துடைத்தால் துணி நனையும். மழை நின்றுவிட்டது, இனித் துரு பிடிக்காது என்று நினைப்பவர்களை ஏமாற்றுவது இந்தப் பனிதான்.

ஆகவே வேலையை மழை விட்ட பிறகு, கடுங்குளிர் தொடங்கும் முன், வெயில் அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். "கொஞ்சம் ஆயில் விட்டுட்டுப் போப்பா" என்பார் வீட்டுக்காரர். "கைடைக் கழுவாம விட்டா மண்ணும் ஆயிலும் சேர்ந்து சேறாயிடும் சார். அடுத்த மாசம் திரும்ப என்னைத்தான் கூப்பிடுவீங்க" என்பார் மெக்கானிக். சொல்வது அவர் பிழைப்புக்கு எதிரானது, அதனாலேயே நம்பலாம்.

முதலில் கைடைச் சுரண்டி, பழைய கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் வழித்தெடுத்து, காயவிட வேண்டும். மண்ணெண்ணெய் கிடைக்காத வீடுகளில் டர்பன்டைன் போதும். அக்கம்பக்கத்தில் நெருப்பு கூடாது. பிறகு, சிலிகான் ஸ்பிரேயோ, மெல்லிய மெஷின் ஆயிலோ அளவாகப் போட்டால் போதும். கெட்டி கிரீஸை அள்ளிப் பூசுவது அடுத்த வருடப் புழுதிக்கு விருந்து வைப்பது. தரையைத் தொடும் அடிப்பட்டையைக் குனிந்து பார்க்க வேண்டும். துரு முதலில் அரிப்பது அங்கேதான். நின்றுகொண்டு பார்க்கிறவர் கண்ணில் அது படாது. உப்புத்தாள் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் பெயின்ட். இதைக் காலையில் செய்தால் பனி ஈரத்தின் மீதே அடித்ததாகும். சில மாதங்களில் கொப்புளித்து உரியும். பத்து மணி வெயில் ஏறிய பிறகு தொடங்கலாம். ஷட்டருக்கு முன்னால் தண்ணீர் தேங்கினால் தரையின் சரிவைத் தெருப் பக்கம் திருப்புவதுதான் தீர்வு. அதைச் செய்யாமல் வருடாவருடம் பெயின்ட் அடிப்பது வீண் செலவு.

ஸ்பிரிங் மட்டும் வீட்டுக்காரர் வேலை அல்ல. மேலே சுருண்டிருக்கும் ஸ்பிரிங்குகள் ஷட்டரின் எடையைத் தாங்குகிற அளவுக்கு முறுக்கி வைக்கப்பட்டவை. போல்ட்டைத் தளர்த்தினால் கையை உடைத்துவிடும். சோதித்துப் பார்க்க மட்டும் ஒரு வழி உண்டு. கையால் தூக்கும் ஷட்டரை இடுப்பு உயரத்தில் நிறுத்தி, காலைத் தள்ளி வைத்துக்கொண்டு, பிடியை மெல்லத் தளர்த்த வேண்டும். நின்றால் சரி. சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

பசவனகுடியும் மல்லேஸ்வரமும் பிளேக் நோய்க்குப் பிறகு 1898-ல் உருவான பேட்டைகள். அங்கே மிச்சமிருக்கும் பழைய வீடுகளின் மரக்கதவுகளுக்குச் சட்டம் வேறு. மரத்துக்கு வெப்பத்தைவிட ஈரமே எஜமான். அக்டோபரில் ஊறிப் பருத்து நிலையில் மாட்டிக்கொள்ளும். உடனே தச்சரைக் கூப்பிட்டு இழைத்துவிட்டால், பிப்ரவரியின் வறண்ட காற்றில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரலை விடலாம். மரக்கதவு உள்ளவர்கள் செய்ய வேண்டியது பொறுப்பது. ஜனவரியில் அது தானாகச் சுருங்கிய பிறகு, கீழ் விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷோ பெயின்டோ பூசினால் அடுத்த மழையில் அவ்வளவாக ஊறாது.

நிஜமாகவே குளிருக்குப் பயப்பட வேண்டிய தமிழர்கள் டொரன்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறார்கள். மைனஸ் 20 டிகிரியில் கதவின் அடியிலுள்ள ரப்பர் பட்டை தரையோடு சேர்ந்து உறைந்துவிடும். அவசரத்தில் மோட்டார் பொத்தானை அழுத்தினால் ரப்பர் கிழியும் அல்லது மோட்டார் கெடும். அங்கே பொதுவாகப் போடப்படும் ஸ்பிரிங்குகள் 10,000 முறை திறந்து மூடுவதற்காகச் செய்யப்பட்டவை. ஒரு நாளைக்கு நான்கு முறை என்றால் ஏழு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆயுள் முடியும் ஸ்பிரிங் பெரும்பாலும் ஒரு குளிர்காலக் காலையில்தான் துப்பாக்கி வெடித்த மாதிரி உடையும்.

மேல்நோக்கித் தூக்கும் இந்தக் கதவை அமெரிக்காவில் சி.ஜி. ஜான்சன் 1921-ல் உருவாக்கினார். மின்சாரத்தில் தூக்கும் கருவி 1926-ல் வந்தது. ஆனால் அதன் அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்த பிறகுதான், எதிரில் ஆள் இருந்தால் கதவைத் திருப்பியனுப்பும் மின்கண் போன்ற பாதுகாப்பு வேண்டும் என்ற விதி அங்கே 1993-லிருந்து அமலாயிற்று. இங்கே அந்தக் கண் இல்லாத மோட்டார் ஷட்டர்களும் விற்கின்றன. ரிமோட்டை விளையாட்டுப் பொருளாக்கும் பேரன் இருக்கும் வீட்டில், சென்சார் இல்லாமல் மோட்டார் போடுவது சரியில்லை. சென்சார் இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை ஒரு மரக்கட்டையைத் தரையில் வைத்து ஷட்டரை இறக்கிப் பார்க்கலாம். கட்டையைத் தொட்டதும் திரும்ப ஏற வேண்டும்.

இதெல்லாம் கதவைப் பற்றியது. குளிர்காலத்தில் கார் ஷெட் ஆளைக் கொல்வது வேறு விதத்தில். எலிக்கும் குளிர்காற்றுக்கும் பயந்து ஷட்டரின் அடியில் கோணி திணிக்கிறார்கள். காலையில் உள்ளேயே இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சூடாகட்டும் என்று விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகிறார்கள். ராத்திரியில் வாட்ச்மேன் உள்ளே படுக்கிறார். கட்டிலோ கம்பளியோ யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். இரும்புச் சட்டியில் நாலு கரித்துண்டைக் கனலவைத்து, ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டுத் தூங்குவார். புகை இல்லாததால் ஆபத்து இல்லை என்று நினைப்பார். புகை போன பிறகும் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலமும் இப்படிச் சாவுகள் செய்தியாகின்றன. ஊட்டி, கொடைக்கானல் விடுதி அறைகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஒரு அடி திறந்து வைத்தால் போதும் என்பது தவறான சமாதானம். தூங்குகிற இடத்தில் கரி நெருப்பே கூடாது. ஜன்னல் உள்ள அறை, ஒரு கட்டில், இரண்டு நல்ல கம்பளி ஆகியவற்றின் விலை, மோட்டார் ஷட்டரின் விலையில் ஒரு சின்னப் பங்கு. காலையில் எழுப்பியும் ஆள் எழவில்லை என்றால் உள்ளே போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. முதலில் ஷட்டரை முழுதும் தூக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரை வெளியே காற்றுக்கு இழுத்து வர வேண்டும். அதற்குள் இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும்.