“அவன் மூட்டை தூக்குற பையன்”

இரண்டாவது குழந்தை பிறந்த கையோடு வார்டில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் பேச்சு வந்துவிடும். யாருக்கு என்ற கேள்வி மட்டும் வராது. தப்பித்தவறி டாக்டர் கணவனைப் பார்த்துக் கேட்டுவிட்டால் மாமியார் முந்திக்கொள்வார்: “அவன் மூட்டை தூக்குற பையன்மா, அவனுக்குப் பண்ணா உடம்பு விட்டுப்போயிரும்.”

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 57.8 சதவீதத் தம்பதிகள் நம்பியிருப்பது மனைவிக்குச் செய்த ஆபரேஷனை. கணவனுக்குச் செய்தது 0.1 சதவீதம்.

அப்படி என்னதான் விட்டுப்போகிறது? விதைப்பையில் மரத்துப்போக ஓர் ஊசி, சின்னத் துளை, விந்தணு வரும் குழாயைத் துண்டித்துக் கட்டுவது, அன்றே வீடு. ஆண்மைக்கான ஹார்மோன் அந்தக் குழாய் வழியாகப் போவதே இல்லை. நேராக ரத்தத்தில் கலக்கிறது. விந்தில் அணுவின் பங்கு சொற்பம் என்பதால் நீரும் குறைந்ததாகத் தெரியாது. பெண்ணுக்கோ வயிற்றுக்குள் கருவி போயாக வேண்டும். 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாமொன்றில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்து முடித்தார். அதையடுத்து பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள். (தண்ணீர்க் குடமும் விறகும் தூக்குகிற உடம்பு எது என்று எந்த மாமியாரும் கேட்டதாகத் தெரியவில்லை.)

சிசேரியனோடு சேர்த்துச் செய்துகொள்வதில் நியாயம் உண்டு. வயிறு ஏற்கெனவே திறந்திருக்கிறது. சுகப்பிரசவத்துக்கு அந்தச் சாக்கும் இல்லை.

ஆண்கள் என்றுமே வந்ததில்லை என்பதும் பொய். 1971இல் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000க்கு மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள். நெருக்கடி நிலையில் ஆட்களைப் பிடித்துவந்து அறுத்த பிறகுதான் கதை மாறியது. 1977 தேர்தலில் அடி வாங்கிய அரசியல், ஆணைத் தொடப் பயந்து பெண்ணிடம் திரும்பியது.

“எனக்கே பண்ணிடுங்க” என்று மனைவியே சொல்வதுண்டு. அதைத் தியாகம் என்று நினைக்கிறவர்கள் ஊர்வாயை அறியாதவர்கள். அவளுக்குச் செய்தது தவறிக் கரு நின்றால் டாக்டரைத் திட்டுவார்கள். அவனுக்குச் செய்தது தவறினால் அவளைத்தான் சந்தேகப்படுவார்கள். வெட்டிய பிறகும் குழாயில் மிச்சமுள்ள அணு வெளியேற மூன்று மாதம் ஆகும், அதுவரை ஆணுறை வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை செய்து அணு இல்லையென்று ரிப்போர்ட் வாங்க வேண்டும். இதையெல்லாம் வீட்டாரைக் கூட்டிவைத்து விளக்காமல் அவனைத் தனியாக அனுப்பினால், பழிக்குப் பயந்து அவள்தான் மறுபடியும் மேசையில் படுப்பாள்.