நாளைய நரகமும் நேற்றைய ரேகையும்

நாளைய உலகம் நரகமாகிவிடும் என்று பயமுறுத்தும் நாவல்களும் சினிமாக்களும் மலிந்துவிட்டன. சிலவற்றைப் படித்தால் தூக்கம் போகிறது. சிலவற்றைப் படித்தால் தூக்கம்தான் வருகிறது! ஏன் இந்த வேறுபாடு?

"கற்பனை போதவில்லை" என்பர் சிலர். அன்று, தோழர்களே! கற்பனைக்குப் பஞ்சமில்லை. பறக்கும் வண்டி உண்டு, இரும்பு மனிதன் உண்டு, கோடிப் பேரை ஆட்டிவைக்கும் கொடுங்கோலன் உண்டு. அவனுடைய ஆணையை எழுதும் குமாஸ்தா யார்? காவல் நிற்பவனுக்குக் கூலி கொடுப்பவர் யார்? லாபம் எவர் மடியில் விழுகிறது? இதற்குப் பதில் இல்லாத கதை வெறும் பூச்சாண்டிக் கதை.

நம்பவைக்கும் கதைக்கு இலக்கணம் தேடி லண்டனுக்குப் போகவேண்டாம். உசிலம்பட்டிச் சீமைக்கு வாருங்கள்.

1871ல் வெள்ளையர் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தனர். 1911ல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பின்னர் பிரமலைக் கள்ளர் மீது ஏவப்பட்டது. குற்றம் செய்தவனுக்கு மட்டுமல்ல, அந்தச் சாதியில் பிறந்தவனுக்கே தண்டனை! பெயரைப் பதிவேட்டில் எழுதினார்கள். விரல் ரேகையை உருட்டி எடுத்தார்கள். ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு. இரவானால் போலீஸ் கண்காணிப்பில் படுக்கை. ரேகை வைக்க மறுத்தது பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947ல்தான்.

இதில் கோரைப்பல் காட்டும் அரக்கன் எங்கே? ஒரு பதிவேடு, ஒரு மைத்தட்டு, ஒரு சீட்டு. இவ்வளவுதான்! அதே அரசு சீர்திருத்தம் என்ற பெயரில் அந்த மக்களுக்குப் பள்ளிக்கூடமும் திறந்தது. ஒரு கையில் ரேகை மை, மறு கையில் சிலேட்டுப் பலகை. உண்மையான கொடுமை நன்மையின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும். அந்தச் சட்டையை மறந்த எழுத்தாளன் தோற்கிறான்.

ஆர்வெல் எழுதி 1949ல் வெளிவந்த '1984' நாவலை எடுத்துக்கொள்வோம். அவருடைய அரசியலை ஏற்போரும் உண்டு, எதிர்ப்போரும் உண்டு. ஆனால் பீகாரின் மோதிஹாரியில் பிறந்த அந்த மனிதர், பர்மாவில் ஐந்தாண்டு ஏகாதிபத்தியப் போலீசில் வேலை பார்த்தவர். அதிகாரத்தின் அடுக்களையைப் பார்த்த கண் அது. அதனால் கதை ஒட்டுகிறது.

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' உண்டு. அந்தக் கதை நடக்கும் ஆண்டை நாம் கடந்துவிட்டோம். அதிலுள்ள யந்திர நாய் இன்னும் நம் தெருவுக்கு வரவில்லை. ஆனால் பிள்ளை பெறவும் சர்க்காரின் அனுமதி வேண்டும், பெயருக்கு இரண்டே எழுத்துத்தான் என்ற கட்டளைகள் இன்றும் நெஞ்சில் தைக்கின்றன. ஏன்? தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற எவனுக்கும் அந்த வாடை தெரியும்!

இன்று ரேஷன் கடையிலும் விரல் வைக்கிறோம். அன்றைய ரேகையும் இன்றைய ரேகையும் ஒன்றல்ல. அன்று கட்டிப்போட வைத்தார்கள், இன்று அரிசி கொடுக்க வைக்கிறார்கள். ஆயினும் சுமை தூக்கித் தூக்கி, செங்கல் அறுத்து அறுத்து ரேகை தேய்ந்த கையை யந்திரம் ஏற்காதபோது, கடையடியில் நிற்கும் கிழவியின் பேச்சை நம்புவதா, யந்திரத்தை நம்புவதா? வருங்காலக் கதை பிறக்கவேண்டிய இடம் அதுதான்.

எழுதும் தோழர்களே! வானத்தைப் பார்த்து எழுதாதீர்கள். வரிசையைப் பார்த்து எழுதுங்கள். படிக்கும் தோழர்களே! பயமுறுத்தும் கதை கையில் கிடைத்தால் ஒன்று கேளுங்கள்: "பதிவேடு யார் கையில்?" பதில் சொல்லும் கதை நம்மை எச்சரிக்கிறது. பதில் சொல்லாத கதை நம்மைப் பயங்காட்டிப் படுக்கவைக்கிறது. நமக்கு வேண்டியது எச்சரிக்கை. பெருங்காமநல்லூர் படுக்கவில்லை, மறுத்து நின்றது!