ஏழை நாட்டில் மலிவு ஏது?

ஏழை நாடாகப் பார்த்துப் போ, கொஞ்சக் காசில் நிறைய நாள் சுற்றலாம். முதுகுப்பையோடு தனியாகக் கிளம்ப நினைக்கும் இளைஞர்களுக்கு இன்று கிடைக்கும் முதல் அறிவுரை இதுதான். காணொளிகளில் சொல்கிறார்கள், பயண நூல்களில் எழுதுகிறார்கள், போய்வந்தவர்கள் சத்தியம் செய்யாத குறையாக நண்பர்களிடம் சொல்கிறார்கள். நாடு எவ்வளவு ஏழையோ அவ்வளவு மலிவு என்பது வாய்ப்பாடு போல மனப்பாடம் ஆகிவிட்டது. அது தப்பு. அந்தத் தப்பால் வரும் நட்டம் பயணியோடு முடிந்துபோனால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்த நட்டத்தை அவர் யார் தலையில் கட்டுகிறார் என்பதுதான் என் வழக்கு.

மொசாம்பிக்கை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில், ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் கடற்கரையோடு நீண்டு கிடக்கும் நாடு. 1498-இல் வாஸ்கோ ட காமா வந்துபோன பிறகு மெல்ல மெல்லக் கால் ஊன்றிய போர்த்துகீசியர்கள் 1975 ஜூன் 25 அன்றுதான் அதை விட்டார்கள். விட்டபோது பத்தில் ஒன்பது பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிறகு 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். தலைக்கு ஆண்டு வருமானம் இன்றும் 600 டாலரை ஒட்டித்தான் நிற்கிறது.

அந்த வாய்ப்பாட்டின்படி இது முதுகுப்பைக்காரரின் சொர்க்கமாக இருக்க வேண்டும். ஆனால் தலைநகர் மாபுட்டோவில் இறங்கி அறை தேடுகிறவர் திகைத்துப்போவார். பாங்காக்கில் சுமாரான தனியறை கிடைக்கும் காசுக்கு இங்கே பலர் படுக்கும் கூடத்தில் ஒரு கட்டில்தான் கிடைக்கும். தோஃபு, விலங்குலோஸ் போன்ற கடற்கரை ஊர்களில் விடுதி வாடகை, தென்னாப்பிரிக்காவிலிருந்து காரோட்டி வரும் குடும்பங்களை மனதில் வைத்துப் போடப்பட்டது. தனியாள் என்றால் பாடு இன்னும் அதிகம். அறை வாடகையைப் பங்கு போட ஆள் இல்லை. பசாருத்தோ தீவுகளுக்குப் போகும் படகு ஒருவர் ஏறினாலும் எட்டுப் பேர் ஏறினாலும் அதே டீசலைத்தான் குடிக்கிறது. கையில் உள்ள காசு கரையக் கரைய, பயணிக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றுகிறது: வெளிநாட்டுக்காரன் என்று தெரிந்து ஏமாற்றுகிறார்கள்.

ஏமாற்றுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஆனால் இந்த விலைகளுக்குக் காரணம் அவர்கள் இல்லை. காரணத்தைத் தண்டவாளங்களில் தேட வேண்டும். அன்று லோரென்சோ மார்க்கேஸ் என்றிருந்த மாபுட்டோவிலிருந்து பிரிட்டோரியாவுக்கு 1895-இல் ரயில் விட்டார்கள். இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருந்த டிரான்ஸ்வாலின் தங்கத்துக்குத் துறைமுகம் தேவைப்பட்டது. 1898-இல் பெய்ராவிலிருந்து, இன்று ஜிம்பாப்வேயில் இருக்கும் முத்தாரேவுக்கு இன்னொரு பாதை போனது. வடக்கே நக்காலா பாதை மலாவியை நோக்கிப் போகிறது. எல்லாம் அண்டை நாட்டுச் சரக்கைக் கடலுக்கு இறக்கப் போட்டவை. நாட்டின் தெற்கிலிருந்து வடக்குக்கு, நாட்டுக்குள்ளேயே ஓடும் ஒரு ரயில் பாதையைப் போர்த்துகல் போடவேயில்லை. இன்றும் அது இல்லை. ஜாம்பெசி ஆற்றின் மேல் கயாவில் சாலைப்பாலம் வந்ததே 2009-இல்தான். அதுவரை நெடுஞ்சாலை லாரிகள் மிதவைப் படகுக்காகக் கரையில் காத்துக் கிடந்தன.

ஆக, தரைவழியில் மாபுட்டோவிலிருந்து வடக்கே நம்புலாவுக்கு ஏறக்குறைய 2,000 கிலோமீட்டரையும் ஒரே நெடுஞ்சாலையில் பஸ்ஸில்தான் கடக்க வேண்டும். பஸ் இறக்குமதி, டயர் இறக்குமதி, டீசல் இறக்குமதி. ஊருக்குள்ளும் பக்கத்து ஊர்களுக்கும் ஓடும் வேன்களை ஷாப்பா என்கிறார்கள். அதன் ஓட்டுநர் ஒவ்வொரு நாளும் உரிமையாளருக்குக் குறித்த தொகையைக் கட்டியாக வேண்டும். அதற்கு மேல் வந்தால்தான் அவருக்கும் நடத்துநருக்கும் கூலி. இருக்கைக்கு மேல் ஆளை ஏற்றி நெருக்குவதும், வண்டி நிறையும்வரை கிளம்பாமல் நிற்பதும் அதனால்தான். உள்ளே நசுங்கி உட்கார்ந்திருக்கும் பயணி முதலில் நடத்துநர்மீது எரிச்சல்படுகிறார். அன்றைய தொகை தேறாவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியவர் அவர்.

சாப்பாட்டுக் கதையும் இதுதான். மாபுட்டோச் சந்தையில் விற்கும் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவிலிருந்து லாரியில் வருகிறது. ரொட்டிக்குக் கோதுமை கப்பலில் வருகிறது. தென்னாப்பிரிக்க ரான்டுக்கு எதிரே மொசாம்பிக் நாணயமான மெட்டிக்கல் சரிந்தால் மறுநாளே சந்தையில் விலை ஏறும். இதன் வலி முதலில் யாருக்கு? 2008 பிப்ரவரியில் ஷாப்பா கட்டணத்தை உயர்த்தியபோது மாபுட்டோவில் டயர்களைக் கொளுத்திச் சாலைகளை மறித்தார்கள் மக்கள். அரசு பின்வாங்கியது. 2010 செப்டம்பரில் ரொட்டி, தண்ணீர், மின்சாரம் எல்லாம் ஒன்றாக விலை ஏறியபோது நடந்த கலவரத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பயணிக்கு அதிகமாகத் தெரிகிற அதே விலைக்காக உயிரைக் கொடுத்த ஊர் அது. அங்கே நின்றுகொண்டு, ஏழை நாட்டில் இவ்வளவு விலையா என்று கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஏழை நாடு என்பதால்தான் இவ்வளவு விலை.

மலிவாக இருப்பவை வேறு. அந்த நாடு விற்கும் பொருள்கள்தான் மலிவு. போர்த்துகீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த முந்திரி, 1960-களில் மொசாம்பிக்கை முந்திரி விளைச்சலில் உலகின் முதல் நாடாக்கியது. 1990-களின் நடுவில் உலக வங்கி ஒரு நிபந்தனை போட்டது: கொட்டையை உடைக்காமல் அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு இருந்த வரியைக் குறைக்க வேண்டும். விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்றார்கள். கிடைத்தது சொற்பம். உள்நாட்டு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். உடைக்காத கொட்டை இந்தியாவுக்குக் கப்பலேறியது. கொல்லத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பெண்கள் உட்கார்ந்து உடைக்கும் ஆப்பிரிக்கக் கொட்டைகளுக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை இருக்கிறது. துவரம்பருப்பு இன்னும் நெருக்கமான கதை. 2016 ஜூலையில் மாபுட்டோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், மொசாம்பிக் துவரையை ஆண்டுதோறும் கூடுதலாக வாங்கிக்கொள்வதாக இந்தியா சொன்னது. விவசாயிகள் நம்பி விதைத்தார்கள். 2017-இல் நம் நாட்டில் விளைச்சல் கூடியதும் துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு வைத்தோம். அங்கே விலை மண்ணோடு மண்ணாக விழுந்தது. நம் வீட்டுச் சாம்பாருக்கும் நம்புலாவின் ஒரு வயலுக்கும் இவ்வளவு கிட்டிய உறவு இருக்கிறது.

விற்பது அடிமாட்டு விலைக்கு, வாங்குவது ஆனைவிலைக்கு. வறுமை என்று நாம் சொல்வதன் பாதி இதுதான். பயணி வாங்குவதெல்லாம் இரண்டாவது வகை: தங்குமிடம், போக்குவரத்து, மின்சாரம், குளிர்ந்த தண்ணீர். முதல் வகையில் அவர் வாங்கக்கூடியது ஒன்றே ஒன்று, மனிதரின் உழைப்பு. பட்ஜெட் உதைக்கும்போது அவர் கைவைப்பதும் அதில்தான். விடுதி வாடகை அச்சிட்ட பட்டியலில் இருக்கிறது, பேச முடியாது. பஸ் கட்டணம் எல்லோருக்கும் ஒன்று. விமானச் சீட்டை ஊரிலேயே வாங்கியாயிற்று. பேரம் பேச மிஞ்சுவது யாரிடம்? கப்புலானா துணி விற்கும் பெண்ணிடம், பாய்மரப் படகுக்காரரிடம், பழைய கோட்டையைச் சுற்றிக் காட்ட வரும் பையனிடம், விடிகாலையில் ரொட்டிக்கு நடுவே காராமணி பஜ்ஜியை வைத்துக் கொடுக்கும் அக்காவிடம். கோவா வழியாகவும் குஜராத்தி வணிகர்கள் வழியாகவும் போன பஜ்ஜியும் சமோசாவும் இன்று அந்த நாட்டின் மிகச் சாதாரணமான சாப்பாடு. அதிலும் நாலு காசு குறைக்கச் சொல்லி நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். குறைத்து வாங்கியதைச் சாகசமாகச் சொல்லிக்கொள்வதையும் கேட்டிருக்கிறேன்.

மொசாம்பிக் தீவில் இது கண்கூடு. மூன்று கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலமுள்ள தீவு. 1898 வரை காலனியின் தலைநகர். 1558-இல் கட்டத் தொடங்கிய சான் செபஸ்தியான் கோட்டை அங்கே இருக்கிறது. 1991 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. வடபாதி கல்நகரம், தென்பாதி ஓலைக்கூரை ஊர். வடக்கே மாளிகைகள் கட்ட வேண்டிய கல்லைத் தெற்கே வெட்டி எடுத்தார்கள். வெட்டிய பள்ளத்தில்தான் இன்று தீவின் பெரும்பாலான மக்கள் வாழ்கிறார்கள். மழை வந்தால் தண்ணீர் அங்கே போய்த்தான் நிற்கும். பயணிகள் தங்குவது வடக்கே, பழுதுபார்த்த மாளிகைகளில். காலையில் அறையைப் பெருக்க வருபவரும், மாலையில் மீன் சுட்டுத் தருபவரும், கோட்டை வாசலில் வழிகாட்டக் காத்திருப்பவரும் பள்ளத்திலிருந்து ஏறி வருகிறார்கள். இங்கே வந்து நின்று இவர்களிடம் கூலியைக் குறைக்கச் சொல்ல எப்படி நா எழுகிறது?

நாங்கள் உள்ளூர்க்காரர்களைப் போலவே வாழ்கிறோம், அவர்கள் கொடுப்பதற்கு மேல் நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்பார்கள் இந்தப் பயணிகள். உள்ளூர்க்காரர் அறை வாடகை கொடுப்பதில்லை, வழியில் சொந்தக்காரர் வீட்டில் படுக்கிறார். மக்காச்சோளமும் மரவள்ளிக் கீரையும் பெரும்பாலும் வீட்டு நிலத்தில் விளைகின்றன. கடைக்காரர் கடன் சொல்ல விடுகிறார். இந்த வலையெல்லாம் ஆயுள் முழுக்கக் கொடுத்தும் வாங்கியும் பின்னியது. நேற்று வந்து நாளை போகிறவருக்கு அதில் பங்கு இல்லை. பங்கு இருப்பதுபோல நடந்துகொள்ளும்போது அவர் இன்னொருவர் பானையிலிருந்து சாப்பிடுகிறார். விருந்தாளிக்கு இல்லை என்று சொல்லாத வீடுகள் அங்கே ஏராளம். இரவல் பாயில் படுத்து, ஷிமா என்னும் மக்காச்சோளக் களியும் மத்தாப்பா என்னும் மரவள்ளிக் கீரைக் குழம்பும் சாப்பிட்டு, காலையில் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிய செலவில்லாத இரவுக்கு அந்த வீட்டில் யார் அரை வயிற்றோடு படுத்தார்கள் என்பது எந்தச் செலவுக் கணக்கிலும் வராது.

தாய்லாந்தும் வியட்நாமும் மலிவாக இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை மலிவாக இருப்பது வறுமையால் அல்ல. அரிசியும் மீனும் காய்கறியும் அங்கேயே விளைகின்றன, மக்கள் நெருக்கம் அதிகம், சாலையும் ரயிலும் ஊர்களை இணைக்கின்றன, பயணிகளுக்காகப் பல பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கான சிறு விடுதிகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. போர்த்துகல் விட்டுப்போன மற்ற நாடுகளைப் பாருங்கள். 2002 வரை போரில் கிடந்த அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவை, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உலகிலேயே செலவு மிகுந்த நகரம் என்று மெர்சர் நிறுவனம் 2013, 2014, 2015, 2017 ஆண்டுகளில் அறிவித்தது. எண்ணெய்ப் பணம் உள்ளே வந்தது, மற்ற எல்லாமே கப்பலில் வந்தது. கிழக்குத் திமோரில் 1999-இல் விடுதலைக்கான வாக்கெடுப்புக்குப் பின் நடந்த அழிவில் பெரும்பாலான கட்டடங்கள் எரிந்தன. 2000 முதல் அங்கே புழங்குவது அமெரிக்க டாலர். தலைநகர் டிலியில் மலிவான அறை தேடி அலைகிறவர், எரிந்துபோன ஓர் ஊரில் ஐ.நா. ஊழியர்களுக்காக ஏறிய வாடகையின் மிச்சத்தைத்தான் சந்திக்கிறார்.

அப்படியானால் பணக்காரர்கள் மட்டும்தான் ஊர் சுற்ற வேண்டுமா என்ற கேள்வி வரும். வேண்டாம். தனியாகப் போங்கள், முதுகுப்பையோடு போங்கள், ஷாப்பாவில் போங்கள். குறைக்க வேண்டியது தூரத்தையும் நாள்களையும்தான். மாபுட்டோவிலிருந்து வடகோடி வரை ஒரே மூச்சில் தொட்டுவிட வேண்டும் என்ற ஆசைதான் கையிருப்பைத் தின்கிறது. அதுதான் கடைசியில் பஜ்ஜிக்காரரோடு சண்டை போட வைக்கிறது. ஒரு மாகாணம் போதும். நம்புலாவில் இறங்கினால் மொசாம்பிக் தீவுக்கு 180 கிலோமீட்டர்தான், காலையில் ஷாப்பா ஏறினால் மதியத்துக்குள் தீவுக்குப் போகும் பாலத்தைக் கடந்துவிடலாம். ஓலைக்கூரைப் பக்கத்துச் சந்தையில் சாப்பிடுங்கள். கோட்டைக்கு வழிகாட்டியை அமர்த்துங்கள், அவர் சொல்லும் தொகையைக் கொடுங்கள். படகுக்கு ஆள் சேரும்வரை இரண்டு நாள் காத்திருங்கள், தனியாளாக ஏறுவதென்றால் முழுப் படகுக்கும் உரிய காசைக் கொடுங்கள். அதற்கெல்லாம் கொண்டுவந்த பணம் பத்து நாளுக்குத்தான் வரும் என்றால் பத்தாம் நாள் திரும்பிவிடுங்கள். விலங்குலோஸ் அடுத்த முறைக்கு இருக்கட்டும்.