"பத்துப் பேர் வேலை செய்யும்" என்ற புளுகு

பெரிய ஆலைகளிலும் கிடங்குகளிலும் ரயில் நிலையங்களிலும் தரை கழுவ யந்திரம் வந்து கொண்டிருக்கிறது. அடியில் சுழலும் பிரஷ். மேலே நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீருக்கு ஒரு தொட்டி. பின்னால் நீளமான ரப்பர் பட்டை. பிரஷ் தேய்க்கும், ரப்பர் பட்டை தண்ணீரை வழித்துச் சேர்க்கும், மோட்டார் அதை உறிஞ்சிக் கொள்ளும். தரை அப்போதே காய்ந்துவிடும்.

நல்ல சாதனம்தான். குனிந்து குனிந்து முதுகு போன பெண்களுக்கு இது என்றோ வந்திருக்க வேண்டும். யந்திரத்தின் மீது நமக்குக் கோபமில்லை. 1811-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் வட்டாரத் தொழிலாளர்கள் பின்னல் யந்திரங்களை உடைத்தார்கள். மறுவருஷமே பார்லிமெண்ட் அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை விதித்துச் சட்டம் போட்டது. உடைந்தது யந்திரம், முதலாளி அப்படியே இருந்தான்.

ஆனால் யந்திரம் விற்க வருகிறவர் ஆபீஸ் அறையில் என்ன சொல்கிறார்? "ஸார், பத்துப் பேர் வேலையை இது ஒன்றே செய்யும்!" விஷமம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. இதைக் கேட்டதும் நிர்வாகம் தரையைப் பார்ப்பதில்லை. மஸ்டர் ரோலைப் பார்க்கிறது.

இந்தப் "பத்துப் பேர்" கணக்கு எங்கிருந்து வந்தது? நாமே போட்டுப் பார்ப்போம். பிரஷின் அகலம் 50 சென்டிமீட்டர். வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் மணிக்கு 2,000 சதுர மீட்டர். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் அச்சடிப்பது இந்த எண்ணைத்தான். யந்திரம் திரும்புகிற நேரம் இதில் இல்லை. ஒரு வரிசையின் மேல் அடுத்த வரிசை கொஞ்சம் ஏறிப் போகவேண்டும், இல்லாவிட்டால் நடுவில் அழுக்குக் கோடு நிற்கும், அதுவும் இல்லை. தொட்டி 40 லிட்டர், நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் செலவு என்றால் 40 நிமிஷத்தில் தொட்டி காலி. அழுக்குத் தண்ணீரைக் கொட்டி, நல்ல தண்ணீர் பிடித்து வர எவ்வளவு நேரம்? குழாய் எங்கே, சாக்கடை எங்கே? இவற்றைக் கழித்தால் அச்சடித்த எண்ணில் பாதியோ, சற்றுக் கூடுதலோதான் மிஞ்சும். ஆள்குறைப்பு மட்டும் முழு எண்ணுக்கு! இது விஞ்ஞானமா, பித்தலாட்டமா?

பின்னால் நடந்து தள்ளும் யந்திரம், ஏறி உட்கார்ந்து ஓட்டும் யந்திரம் என்று இரண்டு வகை உண்டு. விலை குறைவு என்று முதல் வகையை வாங்குவார்கள். மணிக்கு 4 கிலோமீட்டர் வீதம் 5 மணி நேரம் நடந்தால் 20 கிலோமீட்டர். கோவையிலிருந்து பொள்ளாச்சிக்குப் பாதி வழி! ஒரு ஷிப்டில் இதை நடக்கப் போவது யார்? வாங்குகிற மானேஜரா? கைப்பிடி ஐந்தடிப் பெண்ணின் உயரத்துக்கு இறங்குமா என்று யாராவது கேட்டார்களா?

சரி, ஏறி ஓட்டுவதையே வாங்கட்டும் என்கிறீர்களா? அகலமான யந்திரம் கிடங்கிலும் நடுப்பாதையிலும் ஜோராக ஓடும். இரண்டு ரிங் பிரேமுக்கு நடுவிலுள்ள சந்தில் நுழையாது. அங்கே பழையபடி மனிதக் கைதான். சுலபமான இடத்தை யந்திரம் எடுத்துக் கொள்ளும். சந்து, மூலை, பிரேமின் அடி, இவையெல்லாம் மிச்சமிருக்கும் இரண்டு பெண்களின் தலையில் விழும். வேலைப்பளு குறையுமா, கூடுமா?

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரம் காயாத வயலில் டயர் வண்டியை அறுவடைக்கு இறக்கினால் என்ன ஆகும்? புதைந்து நிற்கும். அங்கே பெல்ட் வண்டிதான் ஓடும். நிலத்தைப் பார்த்துத்தான் யந்திரம். ஆலைத் தரைக்கும் நியாயம் அதுவே. வழவழப்பான தரைக்குத் தட்டுப் பிரஷ் போதும். காரை பெயர்ந்து பள்ளமும் கோடுமான தரைக்கு உருளைப் பிரஷ் வேண்டும்.

நூற்பாலையில் இன்னொரு தொல்லை, பஞ்சு. முதலில் உலரப் பெருக்கி எடுக்காமல் தண்ணீரை விட்டால் பஞ்சு நனைந்து திரியாகிப் பிரஷில் சுற்றும். உறிஞ்சும் குழாயை அடைக்கும். ஷிப்டு முடிந்து அதைப் பிடுங்கி எடுக்கும் அரை மணிக்குக் கூலி உண்டா? ரப்பர் பட்டை தேய்ந்தால் திருப்பிப் போடலாம், பிறகு மாற்றியே ஆகவேண்டும். கண்டிராக்டர் மாற்ற மாட்டான், காசு! தேய்ந்த பட்டை ஈரத்தை விட்டுச் செல்லும். அந்த ஈரத்தில் டாபிங் பெண் வழுக்கி விழுந்தால் "கவனக் குறைவு" என்று அவள் மீதே எழுதுவார்கள்.

பாட்டரி விஷயத்தில் அசட்டை கூடவே கூடாது. ஈய பாட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பொறி பட்டால் வெடிக்கும். காற்றோட்டமான தனி இடம் வேண்டும். காலியாக இருக்கிறது என்று பஞ்சுக் கிடங்கின் மூலையில் சார்ஜ் போட்டால் அது கொலைக்குச் சமானம்.

இனி நம் பக்கத்து விஷயம். "அது கூட்டுகிறவர்கள் பிரச்னை, நமக்கென்ன?" என்று நிரந்தரத் தொழிலாளர்களில் சிலர் சொல்கிறார்கள். இதில் சாதித் திமிர் ஒளிந்திருக்கிறது, ஒளிக்காமல் சொல்லவேண்டும். துடைப்பம் பிடிக்கிறவர் எந்தச் சேரியிலிருந்து வருகிறார் என்பது முதலாளிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். 1955-இல் கான்பூர் ஆலைத் தொழிலாளர்கள் "ரேஷனலைசேஷன்" என்ற ஆள்குறைப்பை எதிர்த்து 80 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். தறியில் வந்தால் போராட்டம், தரையில் வந்தால் வேடிக்கையா?

சட்டம் என்ன சொல்லிற்று? குப்பையைத் தினமும் அகற்றவேண்டும், வேலைக்கூடத் தரையை வாரம் ஒரு முறையாவது கழுவியோ வேறு தக்க முறையிலோ சுத்தம் செய்யவேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 11-வது பிரிவு விதித்தது. மத்திய அரசின் கீழ் வரும் நிறுவனங்களின் கட்டிடங்களில் கூட்டுவதையும் துடைப்பதையும் கண்டிராக்டுக்கு விடக்கூடாது என்று 1976 டிசம்பரில் உத்தரவே போட்டார்கள். 2001-இல் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை ரத்துச் செய்தது. 2020 சட்டத் தொகுப்பு, சுத்தம் செய்வதற்கென்றே அமையாத நிறுவனத்தில் அது பிரதான வேலையே அல்ல என்று வகுத்துக் கண்டிராக்டருக்குக் கதவைத் திறந்தது. 2025 நவம்பர் 21-இல் அதை அமலுக்கும் கொண்டு வந்தார்கள். இல்லாவிட்டால் ஆலையே நடக்காது என்ற வேலை, எப்படிப் பிரதானமற்ற வேலையாகும்?

ஆகவே, யந்திரம் வரப்போகிறது என்று காதில் விழுந்ததும் சங்கம் விலையை விசாரித்துக் கொண்டிருக்க வேண்டாம். நம் தரையில், நம் ஷிப்டில் ஒரு நாள் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஓட்டுவது விற்பனையாளரின் ஆள் அல்ல, இன்று துடைப்பம் பிடிக்கும் பெண்கள். எத்தனை சதுர மீட்டர் முடிந்தது, எத்தனை தடவை தண்ணீர் பிடித்தது, எந்தச் சந்தில் நுழையவில்லை, கை எப்படி வலித்தது என்று அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அதிலேயே, இதன் பேரால் ஒருவரையும் நிறுத்துவதில்லை, ஓட்டுகிறவருக்கு ஓட்டுநர் கூலி என்றும் எழுதி, அவர்களும் நிர்வாகமும் கையெழுத்துப் போடட்டும். கொட்டேஷன் உறையை அதற்குப் பிறகு பிரிக்கலாம்.